விடுபட்ட வசனம்

அக்டோபர் 6, ஞாயிறு

ஆராதனை முடிந்ததும் சீட்டு எடுக்கச் சொன்னார்கள். எங்கள் ஆலயம் கட்டி நூற்றைம்பது வருடம் ஆகிறது. அதற்காகச் சபையார் எல்லோரும் சேர்ந்து வேதாகமம் முழுவதையும் கையால் எழுதி, அட்டை போட்டு, வருடக் கடைசியில் பீடத்தில் வைக்கப்போகிறார்கள். வீட்டுக்கு ஒரு பகுதி. எனக்கு முன்னால் நின்ற பல் டாக்டர் வீட்டுக்கு ரூத்தின் சரித்திரம் விழுந்தது. நாலே அதிகாரம். அந்த அம்மா அங்கேயே ஸ்தோத்திரம் சொன்னாள். எனக்கு எண்ணாகமம், பதினாலு முதல் இருபத்தாறு வரை.

எண்ணாகமத்தை யாரும் ஆசைப்பட்டுப் படித்து நான் பார்த்ததில்லை. வனாந்தரத்தில் சுற்றுகிறார்கள், முறுமுறுக்கிறார்கள், சாகிறார்கள், மிச்சம் இருப்பவர்களைத் தலை எண்ணுகிறார்கள். வேறு சீட்டு எடுக்கலாமா என்று குருவானவரிடம் கேட்டேன்.

"கர்த்தர் குடுத்த பகுதிம்மா. இதுல உங்களுக்குன்னு ஒரு வார்த்தை வச்சிருப்பாரு" என்றார்.

எனக்கென்று ஒரு வார்த்தை இருப்பதாகப் போன நவம்பரிலிருந்து எத்தனை பேர் சொல்லிவிட்டார்கள். நவம்பரில் என் வீட்டுக்காரர் போனார். மார்ச்சில் என் அம்மா. ஜூனில் மகள் ஜெனிட்டா நர்சிங் படிப்பை நடுவில் விட்டுவிட்டு வந்து படுத்தாள். ஒவ்வொரு தடவையும் யாராவது ஒரு வசன அட்டையோடு வந்தார்கள். அலமாரியில் பதினேழு அட்டை கிடக்கிறது. எல்லாவற்றிலும் ரோஜாப்பூ.

தாள்கட்டோடு இந்த நோட்டையும் கொடுத்தார்கள். எழுதும்போது தேவன் பேசுவதைக் குறித்துக்கொள்ள வேண்டுமாம். அவர் பேசும்வரை நான் பேசிக்கொண்டிருக்கிறேன்.

அக்டோபர் 7, திங்கள்

விதிமுறைத் தாளைப் படித்தேன். நீல மை. அடித்தல் திருத்தல் கூடாது. வெள்ளை மை கூடாது. ஒரு பிழை என்றாலும் அந்தத் தாளை முழுதாகத் திரும்ப எழுத வேண்டும். எனக்கே விதிமுறையா! கோர்ட்டில் நகல் பிரிவில் இருபத்திரண்டு வருடமாக உட்கார்ந்திருக்கிறேன். தீர்ப்பு நகலில் ஒரு வரி விட்டதாக என்மேல் ஒரு புகார் கிடையாது.

எங்கள் பிரிவில் ஒருவர் மூலத்தைச் சத்தமாக வாசிப்பார், இன்னொருவர் நகலில் விரல் வைத்துக்கொண்டே வருவார். தனியாக ஒப்பிட்டால் கண் ஏமாற்றிவிடும். வீட்டிலும் அப்படியே செய்யலாம் என்று ஜெனிட்டாவைக் கூப்பிட்டேன்.

"நீ சும்மா வாசிட்டி, நான் பாத்துக்கிடுதேன்."

"தல வலிக்கும்மா" என்று சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். பாடகர் குழுவில் முதல் வரிசையில் நின்றவள். சபையே அவள் குரலுக்காகக் காத்திருக்கும். இப்போது அவளிடமிருந்து எனக்குக் கிடைப்பது ஒரு நாளைக்கு இருபது சொல். சரி, நானே பார்த்துக்கொள்கிறேன்.

எழுதியதைச் சரிபார்க்கும் பொறுப்பைச் சுகிர்தா அக்காவிடம் கொடுத்திருக்கிறார்கள். ஊரில் வேறு ஆளா இல்லை?

அக்டோபர் 13, ஞாயிறு

மூன்று தாள் வீண். குழாயில் தண்ணீர் வரவில்லை.

அக்டோபர் 20, ஞாயிறு

பதினாறாம் அதிகாரம். கோராகு என்று ஒருவன். மோசேயை எதிர்த்துக் கூட்டம் சேர்க்கிறான். பூமி வாயைத் திறந்து அவனையும் அவன் ஆட்களையும் வீடு வாசலோடு விழுங்கிவிடுகிறது. உயிரோடு உள்ளே போகிறார்கள். சுற்றி நின்றவர்கள் கத்திக்கொண்டு ஓடுகிறார்கள்.

பேனாவை மூடி வைத்துவிட்டேன்.

இதை நான் எழுத, அதைச் சுகிர்தா அக்கா உட்கார்ந்து படிக்க வேண்டும். யார் இவள் என்று இந்த நோட்டுக்குத் தெரியாது, சொல்கிறேன். பாடகர் குழு ஒரு கன்வென்ஷன் கூட்டத்துக்குப் போய்விட்டுத் திரும்பியது. வேன் எங்களுடையது. ஓட்டியவர் என் வீட்டுக்காரர் ஞானதுரை. பைபாஸில் நின்றிருந்த லாரியின் பின்னால் போய் மோதிவிட்டார். அவரும், அவருக்குப் பின் சீட்டில் இருந்த ஆல்பர்ட் அண்ணனும் போய்விட்டார்கள். சுகிர்தா அக்கா ஆல்பர்ட் அண்ணனின் மனைவி. முன் சீட்டில் இருந்த ஜெனிட்டாவுக்குத் தோள் எலும்பு முறிந்தது. மற்றவர்களுக்குச் சிராய்ப்பு.

ஃபோன் பேசிக்கொண்டே ஓட்டினாராம் என்று சபையில் பேசிக்கொண்டார்கள். என் காதுபடவே பேசினார்கள். யாரோடு பேசினார் என்று ஒருத்தரும் கேட்கவில்லை. அதுவரைக்கும் நல்லது.

ஒருவன் செய்த தப்புக்குக் குடும்பத்தையே பூமிக்குள் தள்ளுகிற கதையை எழுத, சீட்டு எடுத்ததில் என் கைதான் கிடைத்ததா?

அக்டோபர் 21, திங்கள்

ஆபீசிலிருந்து நேரே குருவானவர் வீட்டுக்குப் போனேன். பதினாறாம் அதிகாரத்தை எழுத மாட்டேன் என்றேன். அவர் நல்ல மனிதர், ஆனால் ஒரு கேள்வியும் கேட்காமலே பதில் சொல்லிவிடுவார்.

"அதுக்கென்னம்மா, அந்த ஒரு அதிகாரத்த மட்டும் வேற யாருட்டயாவது குடுத்துருவோம்."

"அதெப்படி ஐயா? என் பகுதியை எதுக்கு இன்னொருத்தருக்குக் குடுக்கணும்?" என்று சண்டைக்குப் போய்விட்டேன்.

அவர் முழித்தார். நானும் முழித்தேன். காப்பி கொடுத்தார்கள், சர்க்கரை கூடுதல். திரும்பி வந்து பதினாறாம் அதிகாரத்தை ஒரே மூச்சில் எழுதி முடித்தேன். கோபத்தில் எழுதினால் என் கையெழுத்து இன்னும் அழகாக வருகிறது.

நவம்பர் 2, சனி

மிரியாம் செத்தாள், ஆரோன் செத்தான், பாம்பு கடித்துக் கொஞ்சப் பேர் செத்தார்கள். இருபத்திரண்டாம் அதிகாரத்தில் கர்த்தர் ஒரு கழுதையின் வாயைத் திறக்கிறார். அது நியாயம் கேட்டுப் பேசுகிறது. இங்கே ஒரு பெண் வாயைத் திறக்க மாட்டேன் என்கிறாள், அதற்கு ஒன்றையும் காணோம்.

ஜெனிட்டா காலேஜிலிருந்து கடிதம் வந்திருக்கிறது. டிசம்பர் 16 திங்கட்கிழமைக்குள் திரும்பச் சேராவிட்டால் பெயரை எடுத்துவிடுவார்களாம். அவள் கையில் கொடுத்தேன். படித்தாள், மடித்தாள், தலையணைக்கு அடியில் வைத்தாள்.

"என்ன சொல்லுத?"

"நான் போயி யாருக்கு ஊசி போட? என் கையே நடுங்குது."

இரண்டு இட்லி வைத்தேன். ஒன்றைத் தின்றாள். அரைகுறையாக மென்ற இட்லியைப் பார்க்கப் பார்க்க எனக்கு எரிச்சல் பொங்கியது. கத்திவிட்டேன். கத்தியதும் அவள் காதைப் பொத்திக்கொண்டாள். இப்போதெல்லாம் நான் குரலை உயர்த்தினாலே அப்படித்தான் செய்கிறாள். முன்பெல்லாம் பதிலுக்குக் கத்துவாள்.

நவம்பர் 19, செவ்வாய்

ஒரு வருடம். நினைவுக் கூட்டம் வைக்கவில்லை. வைத்தால் பிரியாணி நன்றாக இருந்ததா என்று பேசுவார்கள், பிறகு வேனைப் பற்றிப் பேசுவார்கள். கல்லறைக்கு மட்டும் போனேன். இரண்டு கல்லறைக்கும் நடுவே ஆறு அடிகூட இருக்காது. ஆல்பர்ட் அண்ணன் கல்லறையில் எனக்கு முன்னாலேயே யாரோ வந்து சாமந்தி வைத்திருந்தார்கள். இவர் மேலும் ஒரு பிடி கிடந்தது. காற்றில் அங்கிருந்து பறந்து வந்திருக்கும்.

அன்றைக்கு அவரிடம் ஃபோனில் பேசினீர்களா என்று போலீஸ் கேட்டது. ஒரு நிமிடம் பேசினேன், விபத்துக்கு ரொம்ப முன்னாலேயே பேசி முடித்துவிட்டேன் என்றேன். எழுதிக்கொண்டு போய்விட்டார்கள்.

ஏழு நிமிடம். எல்லோருமாக வழியில் பரோட்டா சாப்பிட்டுவிட்டு வருகிறோம் என்றார். நான் மத்தியானத்திலிருந்து நின்று குழம்பு வைத்திருந்தேன். அதற்காக ஏழு நிமிடம் கத்தினேன்.

டிசம்பர் 1, ஞாயிறு

முடித்துக் கொடுத்துவிட்டேன். கடைசி அதிகாரம் இருபத்தாறு, உயிரை வாங்கிவிட்டது. அறுபத்தைந்து வசனம், அத்தனையும் பெயரும் தொகையும். கை எழுதிக்கொண்டிருந்தது, மனசு காலேஜ் கடிதத்திலேயே கிடந்தது. தனியாகவே ஒப்பிட்டேன். தேவன் என்ன பேசினார் என்று குருவானவர் கேட்டார். "ஆறு லட்சத்துச் சொச்சம்னு சொன்னாரு ஐயா" என்றேன்.

டிசம்பர் 8, ஞாயிறு

மானம் போயிற்று.

ஆராதனை முடிந்து வாசலில் நாலு பேரோடு நிற்கிறேன். குருவானவருக்கு உதவியாக இருக்கும் உபதேசியார் ஒரு தாளை வீசிக்கொண்டு வருகிறார். "ஹெப்சியம்மா, ஒங்க தாள் ஒண்ணு திரும்பி வந்துருக்கு. சுகிர்தாம்மா குடுத்தாவ." தாளில் ஒரு துண்டுக் காகிதம் குத்தியிருந்தது. இருபத்தாறாம் அதிகாரம், பதினோராம் வசனம் விடுபட்டிருக்கிறது. அவ்வளவுதான். சு என்று கீழே ஒரு எழுத்து.

பல் டாக்டர் வீட்டம்மா எட்டிப் பார்த்தாள். "கோர்ட்டுல வேல பாக்கீங்க, நீங்களே விட்டுட்டீங்களா?" என்று சிரித்தாள்.

வீட்டுக்கு வந்து பார்த்தேன். பத்தை எழுதியிருக்கிறேன், அடுத்து பன்னிரண்டு. நடுவில் பதினொன்றைக் காணோம். இருபத்திரண்டு வருடத்தில் இது முதல் தடவை. மூலத்தைத் திறந்தேன். பத்தாவதில், பூமி கோராகை விழுங்கிய கதையை மறுபடியும் நினைப்பூட்டுகிறார்கள். பதினோராவதில் மூன்றே சொல். அவனுடைய பிள்ளைகள் சாகவில்லையாம்.

சுகிர்தா அக்கா வேண்டுமென்றே செய்கிறாள். நான் எதை விட்டேன் என்று சபைக்கு முன்னால் குத்திக்காட்டுகிறாள். நாளைக்கு நேரிலேயே கேட்டுவிடுகிறேன்.

டிசம்பர் 9, திங்கள்

ஆபீஸ் விட்டு ஐந்தரைக்குப் போனேன். சுகிர்தா அக்கா சாப்பாட்டு மேஜை முழுக்கத் தாள்களைப் பரப்பி வைத்திருந்தாள். அந்த மேஜையில் ஒரே ஒரு தட்டுக்கு மட்டும் இடம் விட்டிருந்தது.

"ஒரு தாளக் குடுக்கதுன்னா என் கையில குடுத்துருக்கலாம்லா அக்கா? நாலு பேரு பாக்க உபதேசியார்ட்ட குடுத்துதான் அனுப்பணுமா?"

"ஒன் கையில குடுக்க நான் என்ன பறந்து வரவா? என்னக் கண்டாலே தெக்கு வாசல் வழியா ஓடிருதியே. ஒரு வருசமா பாத்துக்கிட்டுதான் இருக்கேன்." நாற்காலியை இழுத்துப் போட்டாள். "இரி. எதை விட்டன்னு பாத்தியா?"

"பாத்தேன்."

"வேணும்னே விட்டியோ?"

எனக்கு வந்ததே கோபம். இருபத்திரண்டு வருடம் என்று ஆரம்பித்தேன். அவள் கையைக் காட்டி நிறுத்தினாள்.

"எனக்கு விழுந்தது சங்கீதத்துல நடுப்பகுதி. அதுல பதினோரு சங்கீதத்துக்குத் தலைப்புல அந்தக் கோராகு பிள்ளைகள் பேருதான் போட்டுருக்கு. எழுத எழுத ஒரே யோசன. குடும்பத்தோட பூமிக்குள்ள போயிட்டாவன்னுதான சண்டே ஸ்கூல்ல சொல்லிக் குடுத்தாவ, பொறவு இத்தன பாட்டையும் யாரு பாடுனது? ஐயாட்ட கேட்டேன், அவரு பாத்துச் சொல்லுதேன்னுட்டாரு. ஒன் தாள மூலத்தோட வச்சுப் பாக்கும்போதுதான் அந்த வசனம் கண்ணுல பட்டுது. பிள்ளைகள் சாகலியாம். எனக்கு மேலெல்லாம் சிலுத்துப் போச்சு. அதத்தான் நீ விட்டுருக்க."

அப்போதுதான் நான் நாற்காலியில் உட்கார்ந்தேன்.

"ஜெனிட்டா பாடுதாளா?"

"இல்ல."

"காலேஜ்?"

"வாற திங்கக்கெழம கடைசி. போவ மாட்டா." பிறகு எப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை, வாயிலிருந்து வந்துவிட்டது. "அக்கா, அன்னைக்கு அவுகளுக்கு ஃபோன் போட்டது நான்தான்."

"தெரியும்" என்றாள்.

தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டே சொன்னாள். "அந்நேரம் இவுக என்ட்ட ஃபோன்ல பேசிக்கிட்டிருந்தாவ. முன்னால ஞானதுரைக்கு அர்ச்சன நடக்கு, ஹெப்சி பரோட்டாவுக்கு விடமாட்டேங்கா, நம்ம எல்லாருக்கும் பட்டினிதான்னு சொல்லிச் சிரிச்சாவ. அந்தச் சிரிப்போட லைன் போச்சு."

"ஒரு வருசமாத் தெரியுமா?"

"ஒரு வருசமாத் தெரியும். கோவம் இல்லன்னு பொய் சொல்ல மாட்டேன். ஆறு மாசம் ஒன் பேரச் சொல்லி ஜெபம் பண்ண முடியல. வாய் வரல."

"யார்ட்டயும் சொல்லலியே அக்கா."

"சொன்னா அவுக சிரிச்சதையும் சேத்துல்லா சொல்லணும். அத நான் யாருக்கும் குடுக்க மாட்டேன்."

நான் அழுதேன். ஒரு வருடமாக வந்தவர்கள் எல்லோரும் அழு அழு என்றார்கள், வரவில்லை. இன்று நிற்கவே இல்லை. அவளும் அழுதாள். பிறகு தாள் நனைந்துவிடும், மை கலைந்துவிடும் என்று என்னை அடுப்படிக்கு விரட்டினாள்.

டிசம்பர் 10, செவ்வாய்

ஜெனிட்டாவிடம் சொல்லிவிடுவது என்று ஆபீஸில் நாள் முழுக்கத் தைரியம் சேர்த்துக்கொண்டு வந்தேன். வீட்டுப் படி ஏறும்போதே பாதி போய்விட்டது. அவள் கட்டிலில் உட்கார்ந்தேன்.

"அன்னைக்கு அப்பாவுக்கு ஃபோன் போட்டது நான்தாம்ட்டி. ஏழு நிமிசம் கத்துனேன். போலீசுல பொய் சொல்லிட்டேன்."

"தெரியும்லாம்மா. நான் பக்கத்துலதான இருந்தேன்."

இதை எப்படி யோசிக்காமல் இருந்தேன் என்று எனக்கே தெரியவில்லை. யோசிக்காமல் இல்லை, யோசிக்கப் பயம்.

அவள் சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "ஃபோன அப்பா பிடிக்கல. நான்தான் எடுத்து அவங்க காதுல வச்சுப் பிடிச்சுக்கிட்டு இருந்தேன். கட் பண்ணுட்டி, வீட்டுல போயிப் பேசிக்கிடலாம்னாங்க. கட் பண்ணா நீ இன்னும் கோவப்படுவன்னு நான் பண்ணல. என் கை அவங்களுக்குப் பாதி ரோட்ட மறச்சிருக்கும்மா."

ஒரே வீட்டில், ஒரே சுவருக்கு இந்தப் பக்கம் ஒருத்தி, அந்தப் பக்கம் ஒருத்தி, ஒரு வருடம். நான் அவளை இட்லி தின்னவில்லை என்று திட்டிக்கொண்டிருந்திருக்கிறேன். அவள் தோளைத் தொட்டேன்.

"தோச ஊத்தவா?" என்றேன். என்ன கேள்வி இது!

"ம்" என்றாள். மூன்று தின்றாள். தின்ற பிறகு என் மடியில் தலை வைத்துக் குலுங்கிக் குலுங்கி அழுதாள். சுகிர்தா அக்கா வீட்டில் நடந்ததை எல்லாம் சொன்னேன். ஆல்பர்ட் அண்ணன் சிரித்ததையும் சொன்னேன். அது எனக்குக் கொடுக்கப்பட்டது, நான் இவளுக்குக் கொடுக்கலாம் என்று தோன்றியது. "மாமா சிரிச்சது எனக்கும் கேட்டுதும்மா" என்றாள்.

டிசம்பர் 12, வியாழன்

தாளை இன்னும் திரும்ப எழுதவில்லை. எடுக்கிறேன், வைக்கிறேன். கரண்ட் வேறு மூன்று தடவை போயிற்று. சங்கீதப் பக்கம் புரட்டினேன். அந்தப் பிள்ளைகள் பாடியதில் பாதி ஒரே புலம்பல். தேவனிடம் ஏன் மறந்தீர், எங்கே போனீர் என்று நியாயம் கேட்கிறார்கள். பதினேழு ரோஜாப்பூ அட்டையில் இவர்கள் வரி ஒன்றுகூட இல்லை. எனக்கு இவர்களைப் பிடித்திருக்கிறது.

நம்பிக்கை வந்துவிட்டதா என்று கேட்டால் தெரியாது. கோபம் அப்படியேதான் இருக்கிறது. ஆனால் கோபத்தோடு போய் நிற்க ஓர் இடம் இருக்கிறது என்று தெரிகிறது. போன வருடம் முழுக்க அது தெரியவில்லை.

டிசம்பர் 14, சனி

காலையில் ஜெனிட்டா பெட்டியை எடுத்து வெளியே வைத்தாள். வெள்ளை யூனிஃபார்மில் மடிப்புப் பழுப்பேறி இருந்தது. துவைத்துப் போட்டாள். "திங்கக்கெழம போயிப் பாக்குதேன். கை நடுங்குனா வந்துருவேன்" என்றாள். வந்தால் வா என்றேன்.

சாப்பிட்ட பிறகு புதுத் தாளை எடுத்து மேஜையில் உட்கார்ந்தேன். அவள் தானாக வந்து எதிரில் உட்கார்ந்து, புத்தகத்தைத் திறந்து வாசிக்க ஆரம்பித்தாள். முதலில் குரல் கரகரத்தது, மூன்றாவது வசனத்தில் தெளிந்தது. நான் எழுதிக்கொண்டே வந்தேன். பத்தாவது வசனம் முடிந்தது. அவள் நிறுத்தினாள்.

"வாசிட்டி."

வாசிக்கவில்லை. அந்த வரியின்மேல் விரலை வைத்துக்கொண்டாள். நான் எழுதிய பக்கத்தை அவள் பக்கம் திருப்பிப் பேனாவை நீட்டினேன்.

"குமாரர்னுதாம்மா போட்டுருக்கு. பொண்ணப் பத்தி ஒண்ணும் சொல்லலியே."

"எழுதுட்டி" என்றேன்.

இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு எழுதினாள். மூன்று சொல். நடுங்கித்தான் இருக்கிறது, ஆனால் வாசிக்கலாம். பன்னிரண்டிலிருந்து மறுபடி நான் எழுதினேன். ஒரு தாள் ஒரே கையெழுத்தில் இருக்க வேண்டும் என்று விதிமுறையில் இருக்கிறது. சுகிர்தா அக்கா பார்த்ததும் கண்டுபிடித்துவிடுவாள். கண்டுபிடிக்கட்டும். அந்தத் தாளை நான் மறுபடி எழுதுவதாக இல்லை.